விளையாட்டுச் சீட்டா, வியாபாரச் சீட்டா?

2015 மே மாதக் கடைசி. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். சூதாட்டத்துக்குப் பேர்போன அந்த ஊரில் 7,000 பேருக்கும் மேல் ஒன்றாகக் கூடி சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ரம்மி இல்லை, போக்கரும் இல்லை. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற டிரேடிங் கார்டு விளையாட்டு. பூதம், டிராகன், மந்திரவாதி என்று படம் போட்ட கார்டுகளை வைத்து ஆடுகிற ஆட்டம். குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆடியவர்களில் பெரும்பாலானோர் மீசை முளைத்து பல வருடம் ஆனவர்கள்!

அத்தனை பேரையும் தாண்டிக் கடைசி 8 பேருக்குள் வந்தவர்களில் கனடாவைச் சேர்ந்த பாஸ்கல் மேனார்ட்டும் ஒருவர். கடைசிச் சுற்று ‘டிராஃப்ட்’ முறையில் நடக்கும். முறை எளிதுதான். 8 பேரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு புது பாக்கெட்டைப் பிரிப்பார்கள். உள்ளே 15 கார்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளவேண்டும். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு தள்ளுவார். இப்படி மூன்று பாக்கெட் முடிந்ததும், கையில் சேர்ந்ததை வைத்து 40 கார்டு கட்டு ஒன்று அமைத்து ஆடவேண்டும். எடுத்த கார்டு எடுத்தவருக்கே சொந்தம்.

இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்தார் மேனார்ட். உள்ளே இரண்டு கார்டுகள் அவரைப் பார்த்தன. ஒன்று ‘பர்ஸ்ட் லைட்னிங்’. சாதாரண சிவப்புக் கார்டு, கடையில் பெரிய விலை போகாது. ஆனால் அவர் அமைத்துக்கொண்டிருந்த கட்டுக்கு அச்சாகப் பொருந்தும். இன்னொன்று ‘டார்மோகாய்ஃப்’. பச்சை நிறக் கார்டு, அவர் ஆட்டத்துக்கு உதவாது. ஆனால் பளபளக்கும் ஃபாயில் பதிப்பு, வெளியே விற்றால் சில நூறு டாலர்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் பல ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிக்கக் கிடைத்தது சில விநாடிகள்தான்.

மேனார்ட் டார்மோகாய்ஃபை எடுத்தார்.

அவ்வளவுதான், இணையம் கொதித்துவிட்டது. பெயர்பெற்ற சக ஆட்டக்காரர்களே டிவிட்டரில் அவரைத் திட்டினார்கள். கோப்பைக்காக ஆடுகிறவன் இப்படிச் செய்யலாமா, இது விளையாட்டுக்கே அவமானம் என்றார்கள். இன்னொரு கூட்டமோ, பணத்தைக் கீழே போட்டுவிட்டுப் போவதற்கு அவர் என்ன முட்டாளா என்று கேட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்ததுதான் வேடிக்கை.

ஒரு சின்ன அட்டைக்கு எதற்கு இவ்வளவு ரகளை? 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். அச்சிட ஆகிற செலவு சில காசுகள். அந்த அட்டைக்குள் ஆட்டக்காரன், சேகரிப்பவன், வியாபாரி என்று மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவருக்கும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாது. இந்தக் கதை முழுக்க அந்த மூவரின் சண்டைதான்.

தமிழ்நாட்டில் 90களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகள் ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, மார்பளவு என்று எண்கள் இருக்கும். யாருடைய எண் பெரிதோ அவன் எதிராளியின் கார்டை அள்ளிக்கொள்வான். கடைசி பெஞ்சில் ஆடி, வாத்தியாரிடம் மாட்டி, கட்டோடு பறிகொடுத்த கதை பல பேரிடம் இருக்கும். ஆனால் அந்தக் கட்டில் எல்லோருக்கும் ஒரே கார்டுகள்தான். ஒரு கட்டு வாங்கினால் ஆட்டம் முழுமையாக உங்கள் கையில். டிரேடிங் கார்டு விளையாட்டில் அப்படி இல்லை. பாக்கெட்டுக்குள் என்ன இருக்கும் என்று பிரிக்கும்வரை தெரியாது. எல்லாக் கார்டும் எல்லோருக்கும் கிடைக்கவும் கிடைக்காது. வித்தியாசமும் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு கணித மாணவர்! ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 1991-ல், தான் உருவாக்கிய ‘ரோபோரேலி’ என்ற பலகை விளையாட்டைத் தூக்கிக்கொண்டு பீட்டர் அட்கிசனிடம் போனார். அட்கிசன் போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சியாட்டில் பக்கத்தில் ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற சின்ன கம்பெனியை நடத்திவந்தவர். பலகை, பொம்மை எல்லாம் தயாரிக்க அவரிடம் பணம் இல்லை. கையடக்கமாக, விளையாட்டு மாநாடுகளில் காத்திருக்கும் நேரத்தில் ஆடுகிற மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கார்ஃபீல்ட் கொண்டுவந்த பதில்தான் மேஜிக்.

முதல் சோதனை ஆட்டத்துக்கு அவர் செய்தது 120 கார்டு. அதை இரண்டாகப் பிரித்து நண்பரோடு ஆடிப் பார்த்தார். பிறகு பல்கலைக்கழக நண்பர்கள் வட்டமே இதில் விழுந்தது. ஆடுவதைவிட கார்டு மாற்றிக்கொள்வதில் அவர்கள் காட்டிய ஆர்வம் அதிகம். கையால் வரைந்தும் நகலெடுத்தும் செய்த அட்டைகள்தான், கடையில் விலையே கிடையாது, ஆனாலும் பேரம் நடந்தது! வியாபாரி என்பவன் கம்பெனி கொண்டுவந்த ஆள் இல்லை, விளையாட்டு பிறந்த அன்றே கூடப் பிறந்தவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1993 ஆகஸ்டில் ‘ஆல்ஃபா’ என்று பின்னர் அழைக்கப்பட்ட முதல் பதிப்பு வந்தது. பெல்ஜியத்தின் கார்ட்டா முண்டி அச்சகத்தில் அச்சான சுமார் 26 லட்சம் கார்டுகள். வெகு சீக்கிரமே தீர்ந்துபோயின. 60 கார்டு கொண்ட தொடக்கக் கட்டு 7 டாலர் 95 சென்ட். 15 கார்டு கொண்ட பூஸ்டர் பாக்கெட் 2 டாலர் 45 சென்ட். அந்த 2 டாலர் 45 சென்ட் பாக்கெட்டில், அதிர்ஷ்டம் இருந்தால், கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த ‘பிளாக் லோட்டஸ்’ இருக்கும். இந்தக் கறுப்புத் தாமரையின் ஆல்ஃபா பிரதி ஒன்று, மிகச் சுத்தமான நிலையில் இருந்தது, 2024-ல் 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆட்டம் எப்படி? ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளி. எதிராளியின் புள்ளியைப் பூஜ்யம் ஆக்கினால் வெற்றி. கையில் 7 கார்டு. ‘நிலம்’ என்ற கார்டுகளைக் கீழே வைத்து, அதிலிருந்து ‘மானா’ என்ற சக்தியை எடுத்து, அதைச் செலவழித்து மற்ற கார்டுகளை இறக்கவேண்டும். ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் வைக்கலாம். அதனால் சக்தி படிப்படியாகத்தான் ஏறும். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கறுப்புத் தாமரை என்ன செய்யும் என்றால், செலவே இல்லாமல் கீழே வைத்து உடனே 3 மானா எடுத்துக்கொள்ளலாம். நான்காவது முறையில் செய்யவேண்டியதை முதல் முறையிலேயே செய்துவிடலாம். மற்றவன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்குள் இவன் பஸ்ஸில் ஏறி ஊரைத் தாண்டிவிடுவான்.

ஆரம்ப விதிகளில் ஒரே கார்டை எத்தனை பிரதி வேண்டுமானாலும் கட்டில் வைக்கலாம். கார்ஃபீல்டின் கணக்கு, ஒருவர் ஒரு பலகை விளையாட்டுக்குச் செலவழிக்கிற அளவுதான் இதற்கும் செலவழிப்பார் என்பது. அப்படி இருந்தால் ஒரு நண்பர் வட்டத்துக்கே ஒன்றிரண்டு தாமரைதான் இருக்கும், ஆட்டம் கெடாது. ஆனால் ஆட்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். கணக்கு கவிழ்ந்தது. ஒரே கார்டு அதிகபட்சம் 4, கட்டு குறைந்தது 60, சில கார்டுகள் ஒன்றே ஒன்று என்று போட்டி விதிகள் மாறின. பணம் வந்து ஆட்டத்தை அமுக்கப் பார்த்தபோது ஆட்டம் போட்ட முதல் வேலி அது.

இன்னொரு விதி இருந்தது. ‘ஆன்ட்டி’ என்று பெயர். ஆட்டம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு கார்டைப் பணயம் வைக்கவேண்டும். ஜெயித்தவனுக்கு இரண்டும். தெருவில் கோலி விளையாடிய யாருக்கும் இது புதிது இல்லை. கார்டுகள் ஒரே இடத்தில் முடங்காமல் கைமாறிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது கார்ஃபீல்டின் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் கோலிகுண்டு தொலைந்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம். தாமரை தொலைந்தால்? கார்டின் மதிப்பு ஏற ஏற யாரும் பணயம் வைக்கத் தயாராக இல்லை. சூதாட்டச் சட்டச் சிக்கல் வேறு. 1995-க்குப் பிறகு பணயம் பற்றிப் பேசும் புது கார்டே வரவில்லை. விளையாட்டின் ஒரு விதியையே சந்தை விலை கொன்றுவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

அதே 1995-ல்தான் பெரிய சண்டை வந்தது. ‘அரேபியன் நைட்ஸ்’, ‘லெஜன்ட்ஸ்’ போன்ற பழைய பதிப்புகளின் கார்டுகள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி ‘கிரானிக்கிள்ஸ்’ என்ற பெயரில் அவற்றில் பலவற்றை மறுபடி அச்சடித்து விட்டது. புது ஆட்டக்காரனுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதிக விலை கொடுத்துச் சேர்த்தவர்களும், கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்த கடைக்காரர்களும் ஒரே நாளில் நஷ்டப்பட்டார்கள். இனி எதை நம்பி வாங்குவது என்று கேட்டார்கள்.

பதிலாக 1996-ல் கம்பெனி ஒரு வாக்குறுதி கொடுத்தது. ‘ரிசர்வ்டு லிஸ்ட்’ என்று ஒரு பட்டியல். அதில் உள்ள கார்டுகளை, அதே வேலையைச் செய்யும் எந்த வடிவிலும், இனி ஒருபோதும் மறுபதிப்புச் செய்வதில்லை. இப்போது அதில் ஏறத்தாழ 570 கார்டுகள் இருக்கின்றன. நடுவில் இருந்த சின்ன ஓட்டையைக்கூட 2010-ல் அடைத்துவிட்டார்கள். 30 வருடமாக அந்த வாக்கு நிற்கிறது.

இங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். யாருக்குக் கொடுத்த வாக்கு அது? சேகரிப்பவனுக்கும் வியாபாரிக்கும். அதற்கான விலையை யார் கட்டுகிறார்கள்? ஆட்டக்காரன். பட்டியலில் ‘இரட்டை நிலம்’ என்று 10 கார்டுகள் இருக்கின்றன. டிராகனும் இல்லை பூதமும் இல்லை, இரண்டு நிறத்துக்கு மானா தரும் வெறும் நிலம். ஆனால் பழைய கார்டுகளை அனுமதிக்கும் ‘லெகசி’ வகை ஆட்டத்தில் இவை இல்லாமல் பல கட்டுகள் ஓடாது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான டாலர். ஒரு கல்லூரி மாணவன் அந்த வகை ஆட்டத்துக்கு வரவேண்டுமானால் ஒரு பைக் வாங்கும் பணத்தை நிலத்தில் போடவேண்டும். நிஜ நிலம் வாங்கினாலாவது வேலி போட்டுக் கத்தரிக்காய் பயிரிடலாம்!

அப்படியானால் வாக்கை உடைத்துவிடலாமே? அதுவும் சுலபம் இல்லை. ஒரு முறை உடைத்தால் அடுத்த வாக்கை யார் நம்புவார்கள்? கார்டில் அச்சாகி இருப்பது படம் மட்டும்தான். மதிப்பு என்பது, இதை இனி அச்சடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கரன்சி நோட்டுக்கும் அதே கதைதான்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு மேஜிக்கைவிடப் பழைய பாடம் ஒன்று உண்டு. அமெரிக்க பேஸ்பால் கார்டுகள். 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட கார்டுகளில் மிக்கி மேன்டில் என்ற வீரரின் கார்டு கடைசித் தொகுதியில் வந்தது. பேஸ்பால் பருவம் முடிகிற நேரம் என்பதால் விற்காமல் தேங்கியது. அந்தக் கார்டுகளை உருவாக்கிய சை பெர்கர், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960-ல் ஒரு படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். கடலுக்குப் போகாமல் தப்பிய மேன்டில் கார்டு ஒன்று 1991-ல் 50,000 டாலருக்கு விற்றது. அதே கார்டு 2022 ஆகஸ்டில் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலர். 31 வருடத்தில் 252 மடங்கு!

இந்த மாதிரி கதைகளைப் படித்துவிட்டு 80களின் கடைசியில் அமெரிக்காவே கார்டு சேர்க்க ஆரம்பித்தது. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று அப்பாக்கள் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் ஏற்றினார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்தன. ஒன்றை மறந்துவிட்டார்கள். மேன்டில் கார்டு விலைபோனதற்குக் காரணம், 1952-ல் யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. சைக்கிள் சக்கரத்தில் சத்தத்துக்காகச் செருகினார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள், மிச்சம் கடலுக்குப் போனது. எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதுவுமே அரிது இல்லை. 90களில் சந்தை சரிந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு ‘ஜங்க் வாக்ஸ்’, அதாவது குப்பை மெழுகுத்தாள் பாக்கெட் என்றே பெயர் வந்துவிட்டது. சேகரிப்பவர்களுக்கான முதல் பாடம் இதுதான். ‘சேகரிப்பவர்களுக்காகச் சிறப்புப் பதிப்பு’ என்று மேலே எழுதி விற்கிற பொருளைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பது நல்லது.

இரண்டாவது பாடம், யாரை நம்புவது என்பது. ஒரே கார்டில் மூலை மழுங்கியதற்கும் கூராக இருப்பதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் 1991-ல் பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனம் வந்தது. கார்டை அனுப்பினால் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். அவர்கள் தரமிட்ட முதல் கார்டு, 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டோடு வந்த ஹோனஸ் வாக்னர் கார்டு. 10-க்கு 8 கொடுத்தார்கள். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கிய கார்டு அது. 2013-ல் என்ன நடந்தது தெரியுமா? பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, விற்பதற்கு முன் அந்தக் கார்டின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். உலகத்தின் மிகப் பிரபலமான கார்டு, தரமிடலின் அடையாளமான கார்டு, கத்தரி பட்டது!

சரி, இதில் தொழில் செய்ய முடியுமா? பாக்கெட் உறிக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டுக்கொள்கிற கேள்வி இது. வெளியிலிருந்து பார்த்தால் சுலபம் போலத் தெரியும். ஒரு உதாரணம். 36 பாக்கெட் கொண்ட பெட்டியின் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் கார்டுகளைத் தனித்தனியாக விற்றால் சராசரியாக 130 டாலர் கிடைக்கிறது என்றால் என்ன ஆகும்? ஊரில் உள்ள எல்லாக் கடைக்காரர்களும் பெட்டியை உடைப்பார்கள். தனிக் கார்டுகள் சந்தையில் குவியும். விலை இறங்கி, 130 என்பது 100-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தபால் செலவு, இணையச் சந்தையின் கமிஷன், உறை, பிரித்து அடுக்கும் நேரம் இவற்றைக் கழித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. பாக்கெட் பிரிப்பது லாட்டரி, தனிக் கார்டு வாங்குவது மளிகை என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

நிஜமான வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டத்தை விட்டுப்போகிறவர்களிடம் மொத்தச் சேகரிப்பை வாங்குவது. கடை வாங்கும் விலை, விற்கும் விலையில் பாதி அல்லது கொஞ்சம் மேல் இருக்கும். அநியாயம் என்று தோன்றும். ஆனால் 5,000 கார்டு வந்தால் அதில் விலைபோவது நூறோ இருநூறோதான். மீதி ‘பல்க்’, ஆயிரம் கார்டுக்கு சில டாலர்தான் கிடைக்கும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் பார்த்து, எந்தப் பதிப்பு என்று கண்டுபிடித்து அடுக்குவது முழுநேர வேலை. போலி வேறு. மேஜிக் கார்டின் நடுவில் மெல்லிய நீல அடுக்கு இருக்கும், டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும் விதத்தில் வித்தியாசம் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கத்துப் பச்சைப் புள்ளிக்குள் அச்சுப் புள்ளிகளின் வரிசை தெரியும். இந்தியாவில் ஸ்டேஷனரி கடைகளில் தொங்கும் தங்க நிற போக்கிமான் கார்டுகளுக்கு இந்தச் சிரமம் எல்லாம் தேவையில்லை. அவை போலி என்பது தொட்டாலே தெரியும். குழந்தைகள் ஆட அது போதும், முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கார்டு வியாபாரத்திலிருந்து கிளைவிட்ட விசித்திரமான கதை ஒன்று உண்டு. ஜெட் மெக்கலெப் என்ற புரோகிராமர், மேஜிக் ஆட்டத்தின் இணையக் கார்டுகளை வாங்கி விற்க 2007-ல் ஒரு தளம் தொடங்க நினைத்து, ‘மேஜிக் தி கேதரிங் ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச்’ என்பதைச் சுருக்கி ‘எம்.டி.காக்ஸ்’ என்று முகவரி வாங்கினார். கார்டு வியாபாரம் நிலைக்கவில்லை. சும்மா கிடந்த முகவரியில் 2010-ல் பிட்காயின் சந்தை தொடங்கினார். அடுத்த வருடம் விற்றும்விட்டார். அதுதான் உலகின் மிகப் பெரிய பிட்காயின் சந்தையாக வளர்ந்து, 2014-ல் லட்சக்கணக்கான பிட்காயின்களைத் தொலைத்துவிட்டு டோக்கியோவில் திவாலான ‘மவுன்ட் காக்ஸ்’!

2020, 2021 கொரோனா காலத்தில் இந்தப் பைத்தியம் மறுபடி உச்சத்துக்குப் போனது. வீட்டில் அடைந்திருந்தவர்கள் பழைய பெட்டிகளைத் தோண்டினார்கள். வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் கார்டுக்காக அடிதடி நடந்து, மே மாதத்தில் டார்கெட் நிறுவனம் தன் கடைகளில் போக்கிமான் கார்டு விற்பனையையே நிறுத்திவைத்தது. வியாபாரி வரிசையில் முந்திக்கொண்டதில், கைச்செலவுக் காசோடு வந்த சிறுவன் வெறுங்கையோடு திரும்பினான்.

கம்பெனிக்கும் ஆசை விடவில்லை. மேஜிக்கின் 30-ம் ஆண்டை முன்னிட்டு, 2022 நவம்பரில் கறுப்புத் தாமரை உட்பட பழைய கார்டுகளை ‘நினைவுப் பதிப்பாக’ அச்சடித்தார்கள். பின்பக்கம் வேறு, போட்டிகளில் ஆட முடியாது, அதனால் பழைய வாக்கு உடையவில்லையாம். நான்கு பாக்கெட், மொத்தம் 60 கார்டு, 999 டாலர். ஆட முடியாத அட்டை ஒன்றுக்கு 16 டாலருக்கும் மேல். ஆட்டக்காரர்களின் கோபம் சொல்லி முடியாது. அதே மாதம் பாங்க் ஆஃப் அமெரிக்கா, அளவுக்கு மீறி அச்சடித்து மேஜிக்கின் மதிப்பைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி, தாய்க் கம்பெனி ஹாஸ்ப்ரோவின் பங்கை ஒரேயடியாக இரண்டு படி கீழே இறக்கியது. ஆனாலும் விற்பனை படுக்கவில்லை. 2025-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ பதிப்பு ஒரே நாளில் 20 கோடி டாலர் வருமானம் ஈட்டியதாக ஹாஸ்ப்ரோ சொன்னது.

இவ்வளவுக்கும் நடுவில் ஆட்டக்காரன் செத்துப்போய்விடவில்லை. அவனுக்கு அவனுடைய வழிகள் இருக்கின்றன. ‘கமாண்டர்’ என்ற ஆட்ட முறையை ரசிகர்களே உருவாக்கினார்கள். 100 கார்டு, ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி, நான்கு பேர் சேர்ந்து ஆடலாம், வீட்டில் கிடக்கும் மலிவுக் கார்டே போதும். கம்பெனி 2011-ல்தான் அதற்கென்று தயார் கட்டுகளை விற்கத் தொடங்கியது. இன்று அதிகம் ஆடப்படுவது அதுதான். நண்பர்களுக்குள் ஆடும்போது விலை உயர்ந்த கார்டுக்குப் பதில் பெயர் எழுதிய காகிதத்தை உறைக்குள் செருகிக்கொள்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. கார்ஃபீல்டின் நண்பர்கள் நகலெடுத்த அட்டையில் ஆடியதுதானே இதன் தொடக்கம்? காகிதத் தாமரையும் அதே 3 மானாதான் தரும்.

ஆட்டக்காரன் இல்லாவிட்டால் வியாபாரிக்கும் கதி இல்லை. 90களில் மேஜிக்கைப் பார்த்துக் கிளம்பிய எத்தனையோ கார்டு விளையாட்டுகள் நின்றுபோய்விட்டன. அவற்றின் கார்டுகளும் அரிதுதான், மறுபதிப்பே கிடையாதுதான். ஆனால் ஆட ஆள் இல்லாததால் பெரும்பாலானவை காற்றுக்குப் போகும் விலை. அரிதாக இருப்பது மட்டும் மதிப்பு ஆகாது. எங்கோ ஒரு கடையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பத்துப் பேர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஆடுகிறார்களே, அந்தச் சத்தத்தில்தான் 30 லட்சம் டாலர் தாமரையும் பூத்திருக்கிறது. பெட்டியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பத்துப் பேருக்குக் கடன்பட்டவர்கள்.

மேனார்ட் கதை முடியவில்லை. திட்டு வாங்கிய அந்த டார்மோகாய்ஃபை அவர் ஈபேயில் ஏலத்துக்கு விட்டார். வரும் பணத்தில் பாதியை, ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தரும் ‘கேமர்ஸ் ஹெல்பிங் கேமர்ஸ்’ அமைப்புக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சில நூறு டாலர் பெறுமான கார்டு. ஏலம் முடிந்தபோது விலை 14,900 டாலர்.

ஏன் அவ்வளவு? அதே கார்டின் இன்னொரு பிரதி கடையில் கிடைத்திருக்குமே? கிடைத்திருக்கும். ஆனால் அதற்கு இந்தக் கதை கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதன் ஆட்டத்துக்கும் காசுக்கும் நடுவில் சில விநாடி திணறிய கதை. காசைத் தேர்ந்தெடுத்தான் என்று திட்டப்பட்டவருக்கு விலை கிடைத்தது, அந்த ஆட்டத்தைப் பற்றி அத்தனை பேர் உண்மையிலேயே கவலைப்பட்டதால்தான். கடைசியில் பாதிப் பணம் யாரோ ஒரு ஆட்டக்கார மாணவனின் படிப்புக்கு என்று ஒதுங்கியது.

வீட்டுப் பரணில் பழைய டிரம்ப் கார்டு கட்டு ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மூலை மழுங்கி, நடுவில் மடிந்து, ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். பி.எஸ்.ஏ. 10-க்கு 1 கூடக் கொடுக்காது. அத்தனை தடவை ஆடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.